ஐயம் அகற்றுவோம்: '500' என்னும் விடை

இம்மாத ஐயம் வடபுலத்து நகர் ஒன்றிலுள்ள தமிழ்ச் சங்கத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் அச்சங்கத்தின் இணைச் செயலர். கணக்குத் துறையில் அலுவல் பார்ப்பவர். கணிப்பொறித் தொழிலர் அல்லர். அவர் கடிதத்தின் சாரம் இது:

சங்கம் நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளின் பெயரைப் பதிந்துகொள்ளச் சங்கத்தின் வலைத்தளத்தில் ஒரு படிவம் உண்டு. அப்படிவத்தின் பின்னின்று இயங்கும் நிரலைப் பல ஆண்டுகளுக்கு முன் அங்கத்தினர் ஒருவர் பெர்ல் மொழியில் எழுதித் தந்தார். அவர் பணி ஓய்வு பெற்றுத் தென்னாட்டுக்குத் திரும்பிவிட்டார். அண்மையில் தளம் புதிய சர்வருக்கு மாற்றப்பட்டது. அன்று முதல் படிவத்தை நிரப்பி அனுப்புவோர் யாவருக்கும் '500, சர்வரின் உள்ளே பிழை' என்னும் விடையே வருகிறது. பெற்றோர் சிலர், தம் குழந்தைக்கு இடமில்லை என்று சங்கம் மறுத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டனர். பதிவுக்குப் பன்னிரண்டு நாளே மீதம். பழைய நிரலை எறிந்துவிட்டுப் புதியதற்குப் பணம் செலவிடுவதா, அன்றிப் பழையதைச் செப்பனிட இயலுமா என்பதே அன்பரின் வினா.

கெடு நெருங்கியிருந்தமையால் அவருக்கு உடனே தனியாக விடை எழுதினேன். அவருடைய இசைவு பெற்று, அதனை எல்லோருக்கும் பயன்படுமாறு இங்கு விரித்து உரைக்கின்றேன். நம் சங்கங்களுள் பலவற்றில் இத்தகைய பழைய நிரல்கள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இன்று அவருக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம்.

சர்வர் செய்யும் தொழில்

உணவு விடுதியில் பரிமாறுபவரைச் சர்வர் என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். 1964ஆம் ஆண்டில் நாகேஷ் நடித்து வெளிவந்த படம் அப்பெயரையே தாங்கிற்று. கணிப்பொறி உலகின் சர்வரும் ஏறத்தாழ அதே தொழிலைத்தான் செய்கிறது. வந்தவர் கேட்பதைக் கேட்டுக்கொள்கிறது. இருப்பதைக் கொண்டுவந்து வைக்கிறது. படமோ கட்டுரையோ கேட்டால், அலமாரியில் ஆயத்தமாக உள்ள பண்டத்தைப் போல எடுத்துத் தந்துவிடுகிறது. படிவம் நிரப்பி அனுப்பினால் அவ்வாறு தர இயலாது. அதனைச் சமையலறைக்குக் கொண்டுபோய், ஒருவர் சமைத்துத் தந்த பின்னரே பரிமாற வேண்டும். அச்சமையற்காரனே நிரல்.

சர்வருக்கும் நிரலுக்கும் இடையே உள்ள பேச்சுவழக்கு முறை ஒன்று 1993ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீத்திறன் கணிப்பு மையத்தில் வகுக்கப்பட்டது. காமன் கேட்வே இன்டர்ஃபேஸ் என்பது அதன் பெயர், சுருக்கமாகச் சி.ஜி.ஐ. என்பர். 2004ஆம் ஆண்டில் அதன் விதிகள் முறைப்படி ஆவணமாக வெளியிடப்பட்டன. அம்முறை மிக எளிது. வேண்டுகோள் வந்ததும் சர்வர் நிரலைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறது. யார் கேட்டார், எவ்வாறு கேட்டார், எத்தனை பைட் அனுப்பினார் என்னும் குறிப்புகளைச் சூழல் மாறிகள் வாயிலாக அதற்கு அறிவிக்கிறது. படிவத்தில் எழுதப்பட்டவற்றை உள்ளீட்டு வழியே ஊட்டுகிறது. நிரல் தன் விடையை வெளியீட்டு வழியே எழுதிவிட்டு முடிந்துபோகிறது. அடுத்த வேண்டுகோளுக்கு மீண்டும் புதிய தொடக்கம். ஒவ்வோர் இலைக்கும் ஒரு சமையற்காரனை அமர்த்தி, இலை எடுத்ததும் அனுப்பிவிடுவதை ஒக்கும். பெருங்கூட்டத்துக்கு இஃது ஏற்றதன்று. ஆண்டுக்கு நூறு குழந்தைகளின் பெயரைப் பதியும் சங்கத்துக்கு இதுவே போதும்.

எண்கள் கூறும் செய்தி

சர்வர் தரும் விடையின் தலையில் எப்போதும் ஓர் எண் இருக்கும். எண்ணின் முதல் இலக்கம் பிழை எவர் பக்கம் என்பதைக் கூறுகிறது. நான்கில் தொடங்கினால் கேட்டதில் ஏதோ குறை. ஐந்தில் தொடங்கினால் தருபவரிடத்தில் குறை. 404 என்றால் கேட்ட பண்டம் இல்லை. 403 என்றால் தருவதற்கு அனுமதி இல்லை. 502 என்றால் பின்னே உள்ளவரிடமிருந்து வந்தது பரிமாறத் தக்கதாக இல்லை. 503 என்றால் இப்போது இயலாது, பிறகு வருக. 504 என்றால் பின்னே இருப்பவர் உரிய நேரத்தில் விடை தரவில்லை. 500 என்பதோ, 'உள்ளே ஏதோ தகராறு' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத விடை.

ஏன் அவ்வாறு மறைக்க வேண்டும் என வினவலாம். சமையலறையில் நிகழ்வதை வாயிலில் நிற்கும் அயலாருக்கெல்லாம் விளம்பரப்படுத்துவது பாதுகாப்பன்று. கோப்புகளின் இருப்பிடம், தரவுத்தளத்தின் பெயர் முதலியன தீயோர் கையில் கருவியாகிவிடும். ஆதலின் சர்வர் விருந்தினருக்கு ஒரு சொல்லும், உரிமையாளருக்கு விரிவான குறிப்பும் எழுதுகிறது. அக்குறிப்பேடே பிழைப் பதிவேடு.

பெற்றோர் அறியவேண்டியதும் இதில் ஒன்று உண்டு. 500 என்னும் விடை எந்தக் குழந்தையையும் மறுத்ததாகாது. விண்ணப்பம் ஆராயப்படவே இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சங்கத்தார் இதனைத் தளத்தின் முகப்பிலேயே எழுதி, தொலைபேசியிலும் பதிவு ஏற்கப்படும் என அறிவித்துவிட்டால் பாதி மனத்தாங்கல் அன்றே நீங்கும். அன்பருக்கு யான் எழுதிய முதல் யோசனை இதுவே. பொறியைச் செப்பனிடுமுன் மனிதரைச் செப்பனிடுதல் வேண்டும்.

முதலில் பதிவேடு

நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்து கொடுப்பவன் மருத்துவன் அல்லன். பதிவேட்டைப் பாராமல் நிரலை மாற்றுவதும் அத்தகையதே. அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளில், உபுண்டு, டெபியன் வகைக் கணிப்பொறிகளாயின் பதிவுகளுக்குரிய 'லாக்' அடைவில் 'அப்பாச்சி2' என்ற உறையினுள்ளும், ரெட் ஹேட் வகையாயின் 'எச்.டி.டி.பி.டி.' என்ற உறையினுள்ளும் பிழைப் பதிவேடு இருக்கும். வாடகைக்கு இடம் பெற்ற தளமாயின், நிர்வாகப் பக்கத்தில் 'எரர் லாக்' என்று ஒரு பொத்தான் காணலாம். படிவத்தை ஒருமுறை அனுப்பிப் பார்த்து, அதே நிமிடத்தில் பதிவேட்டின் கடைசி வரிகளைப் படித்தல் வேண்டும். நேரத்தைக் கொண்டு நம்முடைய வரி எதுவெனத் துணியலாம்.

அங்கே மிகுதியாகக் காணப்படும் வாசகம், 'தலைப்பு வருமுன்னரே நிரலின் வெளியீடு முடிந்துவிட்டது' என்னும் பொருளுடையது. இது நோயின் பெயரன்று, நோயின் குறி. நிரல் தொடங்காமலே போயிருக்கலாம். தொடங்கி இடையில் மாண்டிருக்கலாம். உரிய தலைப்பை எழுதாமல் வேறு எதையோ எழுதியிருக்கலாம். இதற்கு முன்வரியில் உள்ளதே உண்மைக் காரணம். ஆகவே ஒரு வரியோடு நில்லாமல் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் சேர்த்துப் படித்தல் முறை.

இனி, காரணங்களை ஒழுங்காகக் காண்போம்.

ஒன்று: நிரலென்று சர்வருக்குத் தெரியவில்லை

படிவத்தை அனுப்பியதும் நிரலின் எழுத்துக்களே திரையில் வரிவரியாகத் தோன்றினால், சர்வர் அதனைச் சாதாரண ஏடென்று எண்ணிப் பரிமாறிவிட்டது என்று பொருள். இதனைச் சிறிய பிழையென்று கருதலாகாது. நிரலினுள் தரவுத்தளக் கடவுச்சொல் எழுதியிருந்தால் அதுவும் ஊரறிந்ததாகிவிடும். அத்தகைய நிலையில் நிரலை உடனே அவ்விடத்தினின்று அகற்றிக் கடவுச்சொல்லையும் மாற்றுதல் வேண்டும். பின்னர், குறித்த அடைவில் உள்ளவை இயக்கத்தக்கவை என்று சர்வரின் அமைப்பில் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பில் இயக்க அனுமதி மட்டும் விடுபட்டிருந்தால் 403 வரும். விண்டோஸ் கணிப்பொறியில் ஐ.ஐ.எஸ். என்னும் சர்வராயின், அனுமதிப் பட்டியலில் இல்லாத நிரலுக்கு 404.2 என்னும் விடையும், தலைப்பை முழுமையாகத் தராத நிரலுக்கு 502.2 என்னும் விடையும் கிட்டும்.

இரண்டு: அனுமதி

லினக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகையினர்க்கு மூன்று உரிமைகள் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரியவருக்கு மூன்றும் சேர 7. அவர் குழுவினருக்கும் பிறருக்கும் படிக்கவும் இயக்கவும் மட்டுமாயின் 5, 5. இவ்வாறு 755 என்பது நிரலுக்குரிய வழக்கமான எண். தளத்தை இடம் மாற்றும்போது இயக்கும் உரிமை பலகாலும் உதிர்ந்துபோய் 644 ஆகிவிடுகிறது. நிரலுக்கு மட்டுமன்றி, அதற்குச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வோர் அடைவுக்கும் நுழையும் உரிமை வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. உள்ளறை திறந்திருந்தும் தெருக்கதவு பூட்டியிருந்தால் பயனென்ன?

அவசரத்தில் பலர் கைக்கொள்ளும் தவறான மருந்து 777. எல்லோருக்கும் எல்லா உரிமையும் அளித்துவிட்டால் பிழை தீரும் என்பது அவர்கள் எண்ணம். சூஎக்ஸெக் என்னும் காவல் ஏற்பாடு உள்ள சர்வரில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. பிறர் எழுதக்கூடிய நிரலை இயக்க அது திட்டமாக மறுத்து, மீண்டும் 500 என்னும் விடைக்கே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. அக்காவல் இல்லாத இடத்திலோ, அயலான் எவனும் நம் நிரலைத் திருத்தி எழுத வழி பிறக்கிறது. இரண்டும் கேடே.

மூன்று: முதல் வரி

பெர்ல், பைத்தான் முதலிய மொழிகளில் எழுதிய நிரலின் முதல் வரி, '#', '!' என்னும் இரு குறிகளில் தொடங்கி, தன்னைப் படித்து இயக்கவேண்டிய மொழிபெயர்ப்பி எங்குள்ளது என்று முகவரி காட்டும். புதிய கணிப்பொறியில் அம்மொழிபெயர்ப்பி வேறிடத்தில் இருந்தால் முகவரி பொய்த்துப்போகும். அப்போது பதிவேட்டில் 'அத்தகைய கோப்பு இல்லை' என்ற வாசகம் வரும். நிரல் கண்முன் இருக்கும்போது இல்லையென்கிறதே என்று திகைப்போர் பலர். இல்லாதது நிரல் அன்று. நிரல் சுட்டும் மொழிபெயர்ப்பியே.

இதனினும் நுண்ணிய காரணம் ஒன்றுண்டு. வரி முடிவைக் குறிக்க லினக்ஸ் ஒரு குறியை இடுகிறது. விண்டோஸ் அதற்கு முன்னால் மற்றொரு குறியையும் சேர்த்து இரண்டாக இடுகிறது. பழைய தட்டச்சுப் பொறியில் உருளையை வலக்கோடிக்குத் தள்ளுவதும், தாளை ஒரு வரி மேலே ஏற்றுவதும் தனித்தனிச் செயல்களாக இருந்தன அல்லவா? அவ்விரண்டின் எச்சமே இது. விண்டோஸில் திருத்திய நிரலை அவ்வண்ணமே சர்வரில் ஏற்றினால், முதல் வரியின் ஈற்றில் கண்ணுக்குத் தெரியாத அக்குறியும் முகவரியின் பகுதியாகிவிடுகிறது. அப்பெயருடைய மொழிபெயர்ப்பி உலகில் எங்கும் இல்லை! மீண்டும் 'கோப்பு இல்லை' என்னும் வாசகமே வருகிறது.

தமிழில் எழுதுவோர்க்கு வேறொரு கண்ணியும் உண்டு. யூனிகோடு முறையில் கோப்பைச் சேமிக்கையில் சில எழுதுபொறிகள் கோப்பின் தலையில் மூன்று பைட் கொண்ட அடையாளம் ஒன்றை வைக்கின்றன. அப்பொழுது '#' என்பது முதல் எழுத்தாக இராமல் நான்காவதாகிவிடுகிறது. இயங்குதளம் இதனை நிரலென்றே இனங்காணாமல் 'இயக்கும் வடிவில் பிழை' என்று கூறிவிடும்.

நான்கு: தலைப்பும் வெற்று வரியும்

நிரல் எழுதும் விடையில் முதலில் அதன் வகையைக் கூறும் தலைப்பு வரவேண்டும். அடுத்து ஒரு வெற்று வரி. அதன் பின்னரே உள்ளடக்கம். பாத்திரத்தின்மேல் ஒட்டிய சீட்டு இல்லையேல் சர்வர் அதனைத் தொடவே மறுக்கும். வெற்று வரி ஒன்று விடுபட்டமையால் நாள்முழுதும் நின்றுபோன தளங்கள் உண்டு. சோதனைக்காக நிரலினுள் எழுதிய 'இங்கே வந்துவிட்டேன்' என்ற ஒரு சொல் தலைப்புக்கு முன்னே வெளிவந்தாலும் இதே கதி. அத்தகைய சோதனைச் சொற்களைப் பிழை வெளியீட்டு வழியே அனுப்பினால் அவை விருந்தினருக்குப் போகாமல் பதிவேட்டில் சென்று அமரும்.

ஐந்து: கையால் இயங்குகிறது, சர்வரில் இயங்கவில்லை

மிகுதியாக மனத்தைக் குழப்புவது இது. நாம் சர்வரில் நுழைந்து நிரலைக் கையால் இயக்கும்போது, இயக்குபவர் நாம். நம் சூழல், நம் பாதைகள், நம் உரிமைகள் அதற்குக் கிடைக்கின்றன. சர்வர் இயக்கும்போதோ, பெரும்பாலும் வேறொரு பயனர் பெயரில், மிகச் சுருங்கிய சூழலில் அது இயங்குகிறது. நாம் நுழையும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்புகளைச் சர்வர் படிப்பதில்லை. ஆதலின் நிரலுக்குள் வரும் இடங்களையெல்லாம் முழு முகவரியோடு எழுதுதலே தக்கது.

மொழிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. சி.ஜி.ஐ. நிரல்களுக்கென்று பெர்ல் மொழியுடன் சேர்ந்தே வந்த துணைத்தொகுதி, 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 5.22 பதிப்பு முதல் அதனுடன் வருவதில்லை. தனியே நிறுவிக்கொள்ளல் வேண்டும். பைத்தான் மொழியின் இரண்டாம் தலைமுறைக்கு 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு ஆதரவு நின்றது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 3.13 பதிப்பில் அதன் சி.ஜி.ஐ. தொகுதியும் நீக்கப்பட்டது. பழைய நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, அது நின்ற தரை மட்டும் மாறிவிடுகிறது.

சி முதலிய மொழிகளில் எழுதித் தொகுக்கப்பட்ட இயக்கக் கோப்பாயின், அது எவ்வகைச் செயலிக்காகத் தொகுக்கப்பட்டது என்பதைக் காணல் வேண்டும். இன்டெல் வகைக்கெனத் தொகுத்ததை ஏ.ஆர்.எம். வகைச் சர்வரில் வைத்தால் அது தானாக இயங்காது. செயலி ஒன்றேயாயினும், அது நாடும் பொது நூலகங்கள் புதிய கணிப்பொறியில் இல்லாமற் போகலாம். மூலநிரல் கையில் இருந்தால் அங்கேயே மீண்டும் தொகுத்துக்கொள்வது நேர்வழி.

ஆறு: தமிழ் எழுத்து

நிரல் இயங்கத் தொடங்கியதும் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. யூனிகோட்டின் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே 15 பைட். விடையின் நீளத்தை ஐந்தென்று தவறாக எண்ணி அறிவிக்கும் நிரல் முதல் எழுத்தையும் அடுத்ததன் ஒரு துண்டையும் மட்டுமே அனுப்பும்.

பெயர்கள் சிதைந்து தோன்றுவதில் இருவகை உண்டு. மேலே குறியிட்ட ஐரோப்பிய எழுத்துக்களாகத் தோன்றினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் சரியே. தலைப்பில் எழுத்து முறை இன்னதென்று கூறவில்லை, அவ்வளவே. தரவுத்தளத்தினுள்ளேயே வெறும் கேள்விக்குறிகளாக இருந்தாலோ, எழுத்துக்கள் சேமிக்கும்போதே அழிந்துவிட்டன. அவற்றை மீட்க வழியில்லை. மை.எஸ்.க்யூ.எல். தரவுத்தளம் 2018ஆம் ஆண்டில் வந்த 8.0 பதிப்பு முதல்தான் உலக எழுத்துக்கள் யாவும் அடங்கும் முறையை இயல்பாகக் கொண்டது. அதற்கு முன் ஐரோப்பிய எழுத்து முறையே இயல்பாக இருந்தது. ஆகையால் பழைய அட்டவணைகளில் இக்கேடு நேர இடமுண்டு. பிறமொழி சூழ்ந்த ஊரில் வளரும் குழந்தை தன் பெயரைத் தமிழில் முதன்முதலாக எழுதி அனுப்ப, அது கேள்விக்குறிகளாகத் திரும்பி வருமாயின் அதன் மனம் என்னாகும்? பதிவைத் திறப்பதற்கு முன் 'ஸ்ரீகௌரி', 'இளங்கோ' போன்ற சில பெயர்களை இட்டு, சேமித்து, மீண்டும் எடுத்துப் பார்த்தல் கட்டாயம்.

அன்பரின் நிரலுக்கு நேர்ந்தது

இவ்வளவையும் மனத்தில் வைத்து அவர் அனுப்பிய தடயங்களை நோக்குவோம். ஒன்று: பதிவேட்டில் 'அத்தகைய கோப்பு இல்லை' என்ற வரி. இரண்டு: நிரலின் உரிமை 755. மூன்று: சர்வரில் நுழைந்து, 'பெர்ல்' என்று கட்டளையிட்டு நிரலின் பெயரைத் தந்தால் அது ஒழுங்காக இயங்குகிறது. நான்கு: சென்ற ஆண்டின் தேதியை மாற்றுவதற்காக வீட்டிலுள்ள விண்டோஸ் கணிப்பொறியில் நிரலைத் திறந்து திருத்தினார்.

மூன்றாம் தடயம் முக்கியமானது. பெர்லைப் பெயர் சொல்லி அழைத்து இயக்கும்போது முதல் வரியின் முகவரி தேவைப்படுவதில்லை. வரி ஈற்றிலுள்ள மிகைக்குறியையும் பெர்ல் பொருட்படுத்துவதில்லை. சர்வரோ முதல் வரியை நம்பியே இயக்குகிறது. எனவே பிழை முதல் வரியில்தான் இருத்தல் வேண்டும். அங்குள்ள முகவரியும் பெர்ல் இருக்கும் இடமும் ஒத்திருந்தன. எஞ்சியது கண்ணுக்குத் தெரியாத குறியே. அன்பர் வரி ஈறுகளை லினக்ஸ் முறைக்கு மாற்றியதும் அவ்வாசகம் மறைந்தது.

ஆயினும் 500 மறையவில்லை! இவ்விடத்தில் பலர் மனந்தளர்ந்து, செய்த திருத்தத்தையும் அழித்துவிடுவர். பதிவேட்டின் வாசகம் மாறிவிட்டதா என்பதே பார்க்கத்தக்கது. மாறியிருந்தால் ஒரு தடை நீங்கி அடுத்த தடைக்கு வந்துவிட்டோம் என்று கொள்க. புதிய வாசகம், சி.ஜி.ஐ. துணைத்தொகுதியைக் காணவில்லை என்றது. கையால் இயக்கினால் காண்கிறது; சர்வர் இயக்கினால் காணவில்லை. தளத்தை மாற்றித் தந்தவர் அத்தொகுதியைச் சங்கத்தின் பயனர் கணக்கினுள் நிறுவி, அதன் பாதையை நுழைவு அமைப்பில் மட்டும் எழுதியிருந்தார். மேலே ஐந்தாவதாகக் கூறிய காரணத்தின் நேர் உதாரணம் இது. அத்தொகுதி இருக்கும் அடைவின் முழு முகவரியை நிரலின் தொடக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்ததும் படிவம் உயிர்பெற்றது. கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அன்பரின் மறுமடல் வந்தது. செலவு இரண்டு மாலைப்பொழுது மட்டுமே.

செய்யத் தக்கனவும் தகாதனவும்

எதனைத் திருத்துமுன்னும் நிரலுக்கு ஒரு படி எடுத்து வைக்க. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதையும் அதன் விளைவையும் ஒரு தாளில் குறிக்க. குழப்பம் மிகுந்தால், தலைப்பும் வெற்று வரியும் 'வணக்கம்' என்ற சொல்லும் மட்டும் எழுதும் மூன்று வரி நிரலை அதே இடத்தில் வைத்துப் பார்க்க. அது இயங்கினால் சர்வர் குற்றமற்றது, நம் நிரலே ஆராயத் தக்கது. அதுவும் இயங்காவிடின் நிரலைத் தொடாமல் சர்வரின் அமைப்பை ஆராய்க.

சோதனை முடிந்ததும் அந்நிரலை அகற்றிவிடுக. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஷெல்ஷாக்' என்று பெயர் பெற்ற குறை ஒன்று வெளிப்பட்டது. பாஷ் என்னும் கட்டளைப்பொறி, சூழல் மாறிகளில் வந்த செய்தியின் வாலில் ஒட்டியிருந்த கட்டளையையும் சேர்த்து இயக்கிவிட்டது. சி.ஜி.ஐ. முறையில் அயலாரின் செய்தி அம்மாறிகள் வழியே வருவதால், மறந்து விடப்பட்ட சிறு நிரல்களும் கள்வர்க்குக் கதவாயின. பயனற்ற நிரல் வெறுங்கிடங்கில் கிடக்கும் பழம்பொருளன்று; திறந்து கிடக்கும் சாளரம்.

பிழையின் முழு விவரத்தையும் பார்வையாளர் திரையில் காட்டும் ஏற்பாட்டைச் சோதனை நேரத்தோடு நிறுத்திவிடுக. பிறர் உதவி கேட்டுப் பதிவேட்டை அனுப்பும்போது கடவுச்சொல்லும் குழந்தைகளின் பெயரும் அதில் இல்லாதவாறு பார்த்துக்கொள்க.

ஒரு கையேடு

பழைய நிரலை எறிவதா என்ற வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இவ்வாண்டுக்கு அதுவே போதும். அடுத்த ஆண்டுக்குள் புதியது ஒன்று எழுதுவது நன்று. ஏனெனில் பேணுவாரற்ற நிரலில் பாதுகாப்புக் குறைகள் நேர்ந்தால் திருத்துவார் இல்லை. ஆனால் புதியதற்கும் இதே கதி நேராமல் காப்பது நிரலின் மொழியன்று.

நம் சங்கங்கள் மாற்றல் உத்தியோகத்தில் வாழ்பவர்களால் நடப்பவை. இன்று செயலராக இருப்பவர் மூன்றாண்டில் வேறூர் போவார். பொறியறிந்த இளைஞர் வேறு வேலைக்குச் செல்வார். முதியவர் ஊர் திரும்புவார். அவர்களோடு அவர்கள் அறிந்ததும் போய்விடுமாயின், பின்வருவோர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்க நேரும். ஆதலின் ஒவ்வொரு சங்கமும் இரண்டு பக்கக் கையேடு ஒன்றை எழுதி வைத்தல் வேண்டும். தளம் எங்குள்ளது, எவர் பெயரில் உள்ளது, ஆண்டுக்கட்டணம் எந்த மாதம், நிரல் எந்த மொழியில், எந்தப் பதிப்பில், அதற்கு வேண்டிய துணைத்தொகுதிகள் யாவை, பதிவேடு எங்கே, படி எங்கே என்பன அதில் இருக்கட்டும். கடவுச்சொற்களை அதில் எழுதாமல், பொறுப்பாளர் இருவரிடம் தனியே பாதுகாப்பாக ஒப்படைக்க. பொதுக்குழுவில் கணக்கு ஒப்படைக்கும் நாளில் இக்கையேட்டையும் ஒப்படைத்துக் கையொப்பம் பெறுவது வழக்கமாகட்டும்.

அடுத்த இதழில், சங்கத்தின் பழைய மலர்களை ஒளிப்படி எடுத்துத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுவது எங்ஙனம் என்னும் ஐயத்தைக் காண்போம். வினாக்களை அனுப்பும் அன்பர்கள், பதிவேட்டின் வரிகளையும் சேர்த்து அனுப்பினால் விடை விரைவில் கிட்டும்.